இரண்டாம் முறையும் காட்டிய விரல்கள்

போன மாதம் அண்ணனை வல்லார்பாடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனுக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். நாற்பதைத் தாண்டியவனுக்கு அப்படி ஒரு நிரந்தர வேலை கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நேர்முகம் நன்றாகத்தான் போனது. கடைசியாக உடல் பரிசோதனை. ஏணியில் ஏறி இறங்க வேண்டிய வேலை என்பதால், "கை ரெண்டும் மேலே பொக்கிக்கே சேட்டா" என்றார் டாக்டர். இடது கை உயர்ந்தது. வலது கை தோள் மட்டத்திலேயே நின்றுவிட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை தூக்கினான். "மதி, மதி" என்றார் டாக்டர். போதும் என்று அர்த்தம்.

அந்தக் கை ஒரு காலத்தில் என்னவெல்லாம் செய்தது என்று அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அது எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் பேஸ்பால் பிட்சர், பந்து எறிகிறவன். மட்டாஞ்சேரியில், கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளியின் மகன் பேஸ்பாலா என்று இன்றைக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் பள்ளியில் கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் அடிதடி. பேஸ்பாலுக்கு ஒன்பது பேர்கூடத் தேறவில்லை. விளையாட்டு வாத்தியார் மாஷ் வராந்தாவில் நின்றவர்களையெல்லாம் பிடித்துப் போட்டு அணி சேர்த்தார். அண்ணன் காலையில் வீடுவீடாகப் பேப்பர் போடுகிறவன். சுருட்டிய பேப்பரைக் கீழே சைக்கிளில் நின்றபடியே மூன்றாம் மாடி பால்கனிக்கு ஏற்றுவான். அவன் கையில் பந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பந்தைப் பிடிக்க யாரும் முன்வராததால், இரண்டு வயது இளையவனான என்னை கேட்சராக எதிரே குந்த வைத்தார்கள்.

இந்த ஆட்டத்தில் எறிகிறவன் தன் இஷ்டத்துக்கு எறிவதில்லை. எதிரே குந்தியிருக்கும் கேட்சர், அடிக்க நிற்பவனுக்குத் தெரியாமல் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் நேர்பந்து. இரண்டு விரல் என்றால் வளைபந்து. பிடிக்கவில்லை என்றால் பிட்சர் தலையை ஆட்டி மறுக்கலாம். அண்ணன் ஒருநாளும் மறுத்ததில்லை. வீட்டில் அவன் சொல்வதை நான் கேட்க வேண்டும். கடைக்குப் போ என்றால் போக வேண்டும், பாயைச் சுருட்டு என்றால் சுருட்ட வேண்டும். மைதானத்தில் மட்டும் என் விரல் சொன்னதை அவன் கேட்டான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆட்டத்தைவிட அதுதான் பிடித்திருந்தது.

கல்லூரி முடித்ததும் களமசேரியில் ஒரு தொழிற்சாலை அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. பந்து எறிந்து சம்பாதித்தவன் எங்கள் தெருவில் அவன் ஒருவன்தான். நாலு வருடம் எறிந்தான். நாலாவது வருடம் தோளில் வலி வந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, நேர்பந்து எறியலாம், மூன்று மாதத்துக்கு வளைபந்து கூடவே கூடாது என்றார். அவர் சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, மாநில அணிக்கான தேர்வு ஆட்டம் வந்தது. மாவட்ட அணியில் அவன் பிட்சர், நான் கேட்சர். மாநிலத்துக்கு ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. அண்ணனை எப்படியும் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான்தான் இழுபறி. ஜெயித்த அணியின் கேட்சர் என்றால் என்னையும் எடுப்பார்கள். ஆட்டம் முழுக்க ஒரு விரல்தான் காட்டினேன். கடைசியில் ஒரே ஒருவனை வெளியேற்றினால் வெற்றி என்று வந்து நின்றது. வந்தவன் நேர்பந்துகளை அல்வா சாப்பிடுவது போல அடித்துக்கொண்டிருந்தவன். இன்னும் ஒரு பந்தை அவன் தவறவிட்டால் போதும்.

இரண்டு விரல் காட்டினேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவனுக்கு இடம் நிச்சயம், என் பிழைப்பு போனால் இவனுக்கென்ன என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதவே கை கூசுகிறது. மறுபடியும் அதே இரண்டு விரல்களைத் தொடையில் அழுத்திக் காட்டினேன்.

எறிந்தான். அவன் எறிந்ததிலேயே அழகான பந்து அதுதான். அடிக்க வந்தவன் காற்றை அடித்தான். பந்து என் கையுறைக்குள் வந்து விழுந்தது. பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவர்கள் தலைகளுக்கு மேலாகத்தான் பார்த்தேன், அண்ணன் எறிந்த இடத்திலேயே முழங்காலிட்டு, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

இரண்டு பேரையும் எடுத்தார்கள். நான் மட்டும் போனேன். இன்று நான் அரசு அலுவலகத்தில் கிளார்க். அண்ணனைத் தொழிற்சாலை அணி அடுத்த வருடம் கூப்பிடவில்லை. இடக்கொச்சியில் ஒரு ஃப்ளாட்டில் செக்யூரிட்டி, பிறகு ஒரு லாட்ஜ், மறுபடியும் செக்யூரிட்டி என்று அவன் வாழ்க்கை போனது. பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அந்த மிளகாயைக் கடையில் வாங்கி வந்தது நான்.

மைதானத்தில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனும் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் மலையாளத்தில் படித்தவர்கள். தமிழ் எழுத்தை அம்மாவிடம் நான் மட்டும் கற்றுக்கொண்டேன். அண்ணனுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதைத் தமிழில் எழுதுவதற்கு வேறு காரணம் இல்லை.

வல்லார்பாடத்திலிருந்து திரும்பி, மட்டாஞ்சேரியில் வழக்கமான கடைக்குப் போனோம். "சேட்டா, ரெண்டு சாயா" என்றேன். நான் எப்போதும் வாயால்தான் சொல்வேன். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி எத்தனையோ வருடமாகிறது. என் மகளுக்கு எண் சொல்லிக் கொடுத்தபோதுகூட பென்சில்களைத்தான் அடுக்கினேன்.

"வேற எடம் பாக்கலாம்ணே. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் பெஞ்சில் கால்களை அகட்டி உட்கார்ந்து, இடது கையைத் தொடைகளுக்கு நடுவே இறக்கினான். கடைக்காரருக்குத் தெரியாது. எதிரே இருந்த எனக்கு மட்டும் தெரியும். ஒரு விரல் நீட்டியிருந்தான்.

"அன்னைக்கு ரெண்டாவது தடவ நீ இதக் காட்டியிருந்தா மதியாயிருந்திருக்கும்டா" என்றான்.

அவன் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணே" என்றேன். கண் நிறைந்து, கண்ணாடி டம்ளர் மங்கலாகத் தெரிந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டு, என் டம்ளரை இடது கையால் என் பக்கம் நகர்த்தினான்.

"சாயா ஆறுது. குடி."

குடித்தேன். அவன் சொன்னால் நான் கேட்க வேண்டும்.