மணி நின்றதும் முதலில் வருகிறவன்

இன்னாசி இறந்துவிட்டான். ஐஸ் கம்பெனியில் வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

நேற்று மாலை தங்கச்சிமடத்தில் அடக்கம். ராமநாதபுரம் திரும்பிக் கையைக் கழுவிவிட்டேன். இன்னும் விரலிடுக்கில் மணல் இருப்பது போலவே இருக்கிறது...

கச்சான் என்கிற மியூசிக் பேண்டைக் கேட்கிற பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆரம்ப வருடங்களில் அதில் பேஸ் கிட்டார் வாசித்தவன். என் தம்பி சேகர் இன்றைக்கும் அங்கேதான் டிரம்ஸ் வாசிக்கிறான். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

பேண்டின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவன் பழைய போட்டோவைப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயே சண்டை.

"ஒரே ஒரு ஆல்பம் வாசிச்சவரை லெஜண்ட்னு சொல்றது ஓவர் ப்ரோ."

"'கரை தெரியல' பாட்டு நடுவுல ஒரு சைலன்ஸ் வருமே, அது அவர் ஐடியாதான்."

"தப்பு. அது வோக்கலிஸ்ட் ஐடியா. இண்டர்வியூல அவரே சொல்லிருக்காரு. அந்த கிளாப் மொமென்ட்டுக்காகவே நான் ஷோவுக்குப் போறேன்."

"சும்மா இருக்கிறதுல என்னய்யா கான்ட்ரிபியூஷன்?" இதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

இதில் தலையிடும் ஆள் இல்லை நான். ஆனால் இன்னாசியின் மனைவி செலின், ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க அப்ப அங்கன இருந்தீகளாமே. அவரு நெசமாவே அந்தப் பாட்டுல இருக்காரா?"

அவன் பேண்டை விட்ட பிறகுதான் இவர்களுக்குக் கல்யாணம். அவன் மேடையில் வாசித்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டானாம்.

இருந்தேன். அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மதுரையில் எம்.ஏ. படித்த காலம். லீவுக்கு வந்தால் தம்பியோடு பிராக்டிஸுக்குப் போவேன். சர்ச்சை ஒட்டிய ஹாலில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, மூலையில் ஒரு புத்தகத்தோடு...

ஒருநாள் அந்தப் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது இன்னாசி கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிவிட்டான். மற்றவர்கள் வாசித்தபடியே முறைத்தார்கள். அவன் நடந்து போய் சேகரின் சிம்பலையும் கையால் பிடித்துவிட்டான்.

அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. சர்ச்சில் துக்க மணி. ஊரில் யாரோ இறந்திருக்கிறார்கள். அது அடித்து ஓயும்வரை அங்கே யாரும் எதுவும் செய்யமாட்டார்கள்.

மணி நின்றது. யாரும் அசையவில்லை. பாட்டை எங்கே விட்டோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை போல.

பிறகு இன்னாசி தனியாக, அடியிலிருந்து ஒரு சுரத்தைத் தொட்டான். அது என் காதுக்கு வருமுன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்தது. அதன் பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்தார்கள்.

"ஏலே, இத அப்படியே வச்சுக்கிருவோம்" என்றார் பாடகர்.

ஆக, நிறுத்தியது இன்னாசி. வைத்துக்கொள்ளலாம் என்றது பாடகர். யாருடைய ஐடியா என்று நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அந்த பேஸ் கிட்டாரை மதுரையில் பழசாக வாங்கி அவன், சேகர், நான் மூவரும் பஸ்ஸில் கொண்டுவந்தோம். பக்கத்து சீட்டு அம்மாள் விடவில்லை. "வாசிச்சுக் காட்டுப்பா." வாசித்தான். "என்னய்யா, சத்தமே வரல? ஏமாத்திப்புட்டானா கடைக்காரன்?"

"கரண்டு இல்லாமப் பேசாது ஆத்தா. இந்தா, இங்கன கைய வைங்க" என்று கிட்டாரின் தலையை முன்சீட்டுக் கம்பியில் முட்டுக்கொடுத்து வாசித்தான். அந்த அம்மாள் கம்பியைப் பிடித்தபடி பரமக்குடி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

பிறகு பெரிய மேடைகள். அந்த நிசப்தம் வந்ததும் பாடகர் இரண்டு கையையும் தூக்குவார், கூட்டம் கை தட்டும். ஒரு ஷோ முடிந்து மேடைக்குப் பின்னால் இன்னாசி கத்தினான்.

"சாவு மணிக்கு எவன்லே கை தட்டுவான்?"

"விடுலே. அது மணின்னு சனத்துக்கு எப்படித் தெரியும்?" என்றான் சேகர்.

"நமக்குத் தெரியும்ல."

அதுதான் அவனுடைய கடைசி ஷோ. குடியால் விலக்கினார்கள் என்று ஒரு கமெண்ட் பார்த்தேன். அவன் குடிக்கவே மாட்டான் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். என் காதில் விழுந்தது இதுதான்.

இப்போதெல்லாம் மேடையில் வாசிக்கிற ஒவ்வொருவர் காதிலும் ஒரு மெஷின் டிக் டிக் என்று தாளம் சொல்கிறதாம். நிசப்தம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில், சுத்தமாக உள்ளே வருகிறார்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் செலின் விடவில்லை. "எந்த எடத்துலக்கா அவரு?"

அவள் போனிலேயே பாட்டைப் போட்டேன். நிசப்தம் வந்தது. "இந்தா, இப்ப வருவான்" என்றேன். பாட்டு அது பாட்டுக்குப் போனது.

"இங்கன யாருமே இல்லையேக்கா..."

போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டாரின் அந்த அடிச் சத்தம் ஏறாது. அதற்குமேல் ஃப்ரீசர் பெட்டியின் உறுமல் வேறு. சேகரிடம் இயர்போன் வாங்கி அவள் காதில் வைத்தேன். அவள் ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மெதுவாத்தான் வாராரு" என்றாள். "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வார மாதிரியே."

மறுபடி போடச் சொன்னாள். பெட்டியைத் தூக்க ஆட்கள் வரும்வரை அதே இடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது மணி அடித்தது. பிறகு நின்றது.

சாமியார் ஜெபப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். யாரும் இருமக்கூட இல்லை.

சேகர் தலையைத் தூக்கி இடது பக்கம் பார்த்தான். மேடையில் இன்னாசி நிற்கிற பக்கம்.

ரொம்ப நேரம் யாரும் ஆரம்பிக்கவில்லை.

போயிட்டு வா, இன்னாசி.