கோல் விழுந்தபோது இருந்த கதிரை

ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க்கில், பாத்திரம் கழுவிய கடை வேலையை விட்டுவிட்டு நடக்கிறேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் பேர்லினில் சொல்லிவைத்த துப்புரவு வேலை போய்விடும். மழை வலுக்க, இத்தாலியரின் கோப்பிக் கடையில் ஒதுங்குகிறேன். பத்துக் கிழவர்கள் டிவியில் இத்தாலியின் ஆட்டத்தைச் சத்தமின்றிப் பார்க்கிறார்கள். ஒரு கதிரை காலி. அதன் முன்னால் ஆவி பறக்கும் கோப்பி. உட்காருகிறேன். உடனே இத்தாலி கோல் போடுகிறது. யாரும் கத்தவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பஸ்ஸுக்கு எழும்புகிறேன். கடையின் சமையல்காரர், மன்னார்க்காரர், ஓடிவந்து தோளை அழுத்துகிறார்.

"இருங்கோ தம்பி. கோல் விழேக்க இருந்த இடத்தை விட்டு ஆட்டம் முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. இவையின்ர வழக்கம்."

"பஸ் போயிடும் அண்ணை. இது ஆரின்ர கதிரை?"

"டைல்ஸ் ஒட்டுற மனிசன்ர. போன வியாழக்கிழமைதான் அடக்கம் செய்தவை."

"அப்ப கோப்பி?"

"அவருக்குத்தான். குடியுங்கோ, பாத்துக்கொண்டிருக்கினம்."

குடிக்கிறேன். பஸ் போய்விடுகிறது. இத்தாலி வெல்கிறது. கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து, இறந்தவரின் பெயர் சொல்லி என்னிடம் விடைபெறுகிறார்கள். கடைசியாக வந்தவர், சமையல்காரர் சொல்லித் தெரிகிறது, இறந்தவரின் முதலாளி. அவரிடம் வேலை கேட்கிறேன்.

மறுநாள் காலை, இறந்த மனிதர் பாதிச் சுவரில் நிறுத்திய குளியலறையில், அடுத்த டைல்ஸை ஒட்டுகிறேன்.