மேல்வீட்டுத் தாளம்

இன்று காலை சுவாமியறையில் குங்கிலியம் போட்டேன். கூரையிலிருக்கிற புகைமணி கத்தத் தொடங்கிவிட்டது. மனைவி துவாயை வீசி அதை அடக்கினாள். எனக்கோ அந்த வாசத்தில் பழைய மேல்வீட்டு நோர்வேக்காரர் நினைவில் வந்து நின்றார். அவர் பிடில் வில்லுக்குப் பூசுகிற பிசினும் கிட்டத்தட்ட இதே வாசந்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதியாய் டென்மார்க்குக்கு வந்து, இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு மாடிவீட்டில் இருந்தோம். எனக்குத் துணி ஆலையில் வேலை. மாலையில் விளக்கேற்றி, எனக்கு வந்த மெட்டில் ஒரு பதிகம் பாடுவேன். அந்த நேரம் பார்த்து மேலே தொம் தொம் என்று காலால் இடிக்கும் சத்தம் கேட்கும்.

"இஞ்சருங்கோ, மெல்லமாப் பாடுங்கோ. மேல மனுசனுக்குக் கோவம் வருது."

"என்ர பாட்டுக்கில்லை, உம்மட மிளகாய் வறுவலுக்கு."

"வறுக்கிறதை விட்டுக் கிழமையாச்சு. பிறகும் இடிக்குது. அப்ப ஆரின்ர பிழை?"

பாட்டையும் விட்டேன். கடவுளிடம் வாய்க்குள் முணுமுணுத்ததோடு சரி. பிறகு மனம் கேட்காமல், ஒரு தட்டில் வடையோடு மன்னிப்புக் கேட்க மேலே போனேன்.

கதவு திறந்திருந்தது. நரைத்த மனிதர் பிடில் வாசிக்கிறார், எதிரே படிக்க வந்த டேனிஷ் பெண். இருவரும் தரையைக் காலால் இடிக்கிறார்கள். அவருடைய ஊரில் ஆட்டத்துக்கு வாசிப்பதாம், கால்தான் மேளமாம். பிடிலின் தலையில் நம் கோயில் யாளி மாதிரி ஒரு முகம். வாசிக்கிற தந்திகளுக்குக் கீழே இன்னும் சில தந்திகள். அவற்றை யாரும் தொடுவதில்லை. மேலே வாசித்தால் தாமாக அதிரும்.

வடையைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் பாட்டை நிப்பாட்டிப்போட்டாய்?" என் அரைகுறை டேனிஷுக்கு அது விளங்கியது.

அடுத்த குளிர்காலம் பாரிசவாதம் வந்து அவருடைய இடக்கை விழுந்தது. வில் பிடிக்கிற கை நன்றாயிருந்தது. தந்தி அழுத்துகிற விரல்கள் அசையவில்லை. அந்தப் பெண் வாசிப்பாள், அவர் காலால் மட்டும் இடிப்பார்.

"உன்ர சாமியையும் ஒருக்காக் கேட்டுப் பார்" என்றார்.

கேட்டேன். நேர்த்தி வைத்தேன். விபூதி பூசிவிட்டேன். மனைவி வெள்ளி விரதம் பிடித்தாள். விரல் வரவில்லை.

அவருடைய தமக்கை அவரை நோர்வேக்குக் கூட்டிப்போக வந்த அன்று, பிடிலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். கீழ்த் தந்திகள் தாமாக முனகின.

"அது பாடுது. எனக்குத்தான் ஏலாது."

நிறுத்துவதா, தொடர்வதா என்று தெரியாமல் பாடிக்கொண்டே நின்றேன்.

அங்கேயே காலமாகிவிட்டாராம். அந்தப் பெண் பிறகொரு நாள் கடையில் கண்டு சொன்னாள்.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு. மேலே கூரைதான்.

"இனி எவ்வளவு சத்தமாயும் பாடுங்கோ, கேக்க ஒருத்தருமில்லை" என்கிறாள் மனைவி.

ஓம், ஒருத்தருமில்லை.