நட்சத்திரத்தின் அடாப்டர்

அந்தப் பெட்டியில் ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. என் கோபம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், அடியில் ஒட்டியிருந்த ரப்பர் காலைப் பிய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லாம் உள்பக்கமாகக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் பற்கள். வாங்கியவள் இதைத் திறக்கவே கூடாது என்று எவனோ ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அவன் முகத்தை நினைத்துக்கொண்டேதான் அப்பாவின் மெல்லிய இரும்புத் தகட்டை இடுக்கில் செருகி நெம்பினேன். ஒவ்வொரு பல்லாக 'படக் படக்' என்று உடைந்தது. நன்றாக இருந்தது.

அது அக்காவின் ஹார்ட் டிஸ்க். பையில் போட்டுக்கொண்டு அலையும் சின்ன வகை இல்லை. கெட்டியான பைபிள் அளவுக்கு மேசைமேல் நிற்பது, தனி அடாப்டரில் கரண்ட் வாங்கி ஓடுவது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா அதைச் சொருகினாள். 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். கருகல் வாடை. பிறகு அமைதி.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் ஆவல. நவுரு" என்று சொல்லி, அதே அடாப்டரை வேறு பிளக்கில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அந்த மூன்று முறைக்காக இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்.

அந்தப் பெட்டிக்குள் நாற்பத்தொரு பெண்களின் குரல்கள் இருந்தன. அக்கா முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்களை இரண்டு வருடம் தேடித் தேடிப் போய்ப் பதிவு செய்திருந்தாள். சிலர் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசினார்கள். சிலர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கைக் கொடுத்திருந்தாள்: பேர் வராது, என்னையும் என் கைடையும் தவிர இதை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் இன்டர்நெட்டில் எங்கேயும் அவள் ஏற்றி வைக்கவில்லை. இப்போது அவர்களில் பாதிப் பேர் எங்கே என்றே தெரியாது. கம்பெனி மூடியது, வாடகை வீடு மாறியது, போன் நம்பர் செத்தது. ஜனவரியில் கைடு பதிவுகளைக் கேட்பார். இல்லையென்றால் எழுதி முடித்த அத்தியாயங்கள் எல்லாம் கட்டுக்கதை.

லேப்டாப் நிரம்பிவிட்டது என்று அவள் புலம்பியபோது, "என்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கியது நான். எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பிலும் போனிலும் அழித்தது நான். "இது லாக்கர்ல வெச்ச மாதிரி" என்று சொன்னதும் நானேதான். அழித்த இடத்தில் அதற்குப் பிறகு என்னென்னவோ ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு வரச் சொல்லும் கடிதத்துக்காகக் காத்திருந்த எனக்கு, வீட்டில் கம்ப்யூட்டர் என்றாலே நான்தான் என்ற திமிர்.

திறந்தேன். உள்ளே சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதன் வாலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சை போர்டு. டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசும் தரகர். அதில்தான் கருகல் வாடை. "தரகர் செத்தா என்ன, சரக்கு நல்லாருக்கு" என்று அக்காவிடம் சிரித்துச் சொல்லிவிட்டு, போர்டையும் உடைந்த பிளாஸ்டிக்கையும் ஒரு கேரி பேக்கில் போட்டுக் கதவோரம் வைத்தேன். டிஸ்கை என் பழைய கம்ப்யூட்டருக்குள் நேராக மாட்டினேன்.

சுழன்றது! காதை வைத்துக் கேட்டேன், பூனை உறுமுவதைப்போல. "அக்கா, உயிரோட கீது!" என்று கத்தினேன். அவள் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ஒரு சின்ன ஜன்னல் வந்தது. டிஸ்கை ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, வேறு வழிகளில் உள்ளே பார்த்தேன். கோப்பு இல்லை, பேர் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை தலைகால் புரியாத எழுத்துக் குப்பை. தோளில் இருந்த கை மெதுவாக விலகியது.

இரண்டு நாள் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பச்சை போர்டு வெறும் தரகர் இல்லை. டிஸ்கில் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் பூட்டித்தான் எழுதும். படிக்கும்போது அதுவே திறந்து கொடுக்கும். சாவி அந்தப் போர்டிலேயே ஒரு சில்லில் இருக்கிறது. நாம் பாஸ்வேர்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இதுதான் கதை. யாரைக் கேட்டுப் பூட்டினான்? பெட்டிமேல் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் வீட்டுப் பொருளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் குப்பைபோலத் தெரியும் ஒரு துண்டில் ஒளித்து வைத்திருக்கிறான்!

கதவோரம் ஓடினேன். கேரி பேக்கைக் காணோம்.

"அம்மா, இங்க ஒரு கவர் வெச்சிருந்தேனே?"

அம்மா ஏணிமேல் நின்று சமையலறைச் சுவரில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில், ஆவடியில், எங்களைப்போல நாலைந்து கிறிஸ்தவ வீடுகள். டிசம்பர் பிறந்தால் எல்லா வீட்டிலும் இதே கூத்து. ஒட்டடை அடி, வெள்ளை அடி, ஒரு வருடக் குப்பையை வெளியே தள்ளு.

"அந்த ஒடஞ்ச பிளாஸ்டிக்கா? மூணு சக்கர வண்டிக்காரன் வந்தான், எடுத்துக் குடுத்தேன்."

"கேக்க மாட்டியாம்மா!"

"கேட்டா நீ ஒண்ணையும் போட விடமாட்ட. குப்பையக் கட்டிக்கிட்டு அழுதா ஆண்டவர் எந்த வாசல் வழியா உள்ள வருவாரு?"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அக்கா கத்தவில்லை. அது இன்னும் மோசம். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். ஒரு பதிவில் பேசிய பெண் முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறாள், அவளிடமாவது திரும்பப் பேச முடியுமா பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டினாள். திட்டித் தொலையேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்ல நினைத்தேன்.

மறுநாள் அக்காவும் நானும் காயலான் கடைக்குப் போனோம். வண்டிக்காரர் சரக்கைப் போடும் இடம் அது. பரங்கிமலைபோலப் பழைய ஃபேன், சைக்கிள், தகரம். கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு தேடிகினு கீறீங்க?"

"ஒரு பச்சை போர்டு அண்ணா. தீப்பெட்டி சைஸு."

அவர் மூலையில் இருந்த மூன்று சாக்குகளைக் காட்டினார். "போர்டு மொத்தமும் அத்துலதான் கீது. எல்லாமே பச்சதாம்மா. எத்த எடுப்பே?"

முதல் சாக்கைக் கவிழ்த்தோம். ரேடியோ போர்டு, டிவி போர்டு, ரிமோட்டின் குடல். கையெல்லாம் கீறல். "ஊட்டுல சொல்லிட்டு வந்தியா, இல்ல ரெண்டு பேரும் ஓடியாந்துட்டீங்களா?" என்று அவர் கேட்டதற்கு நான் முறைத்தேன். அக்கா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பின்மேலும் கோபம். இரண்டாவது சாக்கின் அடியில், கேரி பேக்கோடு, முடிச்சுகூட அவிழாமல் அது இருந்தது. நான் பிடுங்குவதற்கு முன் அக்கா எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"எத்துனு போ கண்ணு. கிறிஸ்மஸுக்குப் பிரியாணி மறந்துராத" என்றார் கடைக்காரர்.

போர்டைச் சரிசெய்த பிறகு ஓட்டிப் பார்க்க அடாப்டர் வேண்டும். வீட்டுக்கு வந்து அக்காவின் மேசைக்குப் பின்னால் தொங்கியதை உருவி, முதல்முறையாக அதன் லேபிளைப் படித்தேன். இருபத்து நான்கு வோல்ட். பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு.

வீட்டில் இருபத்து நான்கில் ஓடும் பொருள் ஒன்றுதான். அப்படியே பால்கனிக்குப் போனேன். அங்கே எங்கள் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். கடை நட்சத்திரம் அவருக்கு ஆகாது. மெஷின்களின் முகப்பில் எரியுமே, அந்த மாதிரி இருபத்து நான்கு வோல்ட் குட்டி பல்புகளை வாங்கிக் கோத்து அவரே செய்வார். ஊருக்கே கண் கூசும். இந்த வருடம் மட்டும் மஞ்சளாக, அழுதுவடிந்துகொண்டு எரிந்தது. கீழ்வீட்டுக்காரர் தினமும் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்: "இன்னா அண்ணாத்தே, உங்க ஊட்டு ஸ்டாருக்கு ஜுரமா?" நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். முனையில் ஹார்ட் டிஸ்கின் அடாப்டர். பன்னிரண்டு வோல்ட்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு அடாப்டரையும் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"வெள்ளையடிக்க எடுத்து வச்சதுல ரெண்டும் ஒரே பெட்டியில கெடந்துச்சு" என்றார். அப்பாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், பேச்சு இன்னும் மாறவில்லை. "ஒண்ண எடுத்து மாட்டுனேன். பின்னு சேந்துச்சு, ஸ்டாரும் எரிஞ்சுச்சு. மத்தத அக்கா மேசையில தொங்கப் போட்டேன்."

"வோல்ட்டப் பாக்க மாட்டியாப்பா? முப்பது வருஷமா மெஷின்ல வேலை பாக்கற!"

"ஏட்டி, மெஷின்ல ஒவ்வொரு வோல்ட்டுக்கும் பின்னு வேற வேறயா வச்சிருப்பாம்லா. தப்பா மாட்டணும்னு நெனச்சாலும் மாட்ட முடியாது. அது அறிவுள்ளவன் செஞ்சது. இது எவன் செஞ்சான்?"

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிந்தது. அப்பாமேல் கோபப்படக்கூட முழுசாக விடமாட்டான் அந்த ஏசி அறைக்காரன்.

மறுநாள் மத்தியானம் சென்னீர்குப்பத்தில், ஹைவே ஓரமாக, மைக்ராஸ்கோப் வைத்து போன் ரிப்பேர் செய்யும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் போர்டை வாங்கி மோந்து பார்த்தார்.

"இன்னாமா இது, சாக்கடைலேர்ந்து எட்த்தாந்தியா?"

"காயலான் கடைலேர்ந்து" என்றேன்.

லென்ஸில் கண்ணை வைத்தார். "தோ, கடுகு மாரி கருப்பா ஒரு பீஸு கீது பாரு. அதிக வோல்ட்டு வந்தா இத்தான் மொதல்ல அடி வாங்கும், மத்தத்த உடாது. இது பூட்ச்சு. எட்த்துட்டா ஓடும். ஆனா இனிமே காவலுக்கு ஆள் கெடயாது. தப்பான அடாப்டரப் போட்டே, மவளே, மொத்தமும் காலி."

சூடான காற்றை ஊதி அந்தக் கடுகை எடுத்தார். போர்டை டிஸ்கின் வாலில் மாட்டி, சரியான அடாப்டரை மூன்று பேரும் மூன்று முறை படித்துவிட்டுச் சொருகி, என் லேப்டாப்பில் இணைத்தோம். பூனை உறுமியது. ஃபோல்டர் வந்தது. உள்ளே ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை வரிசையாக. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், உதடு மட்டும் அசைந்தது.

பேர் தெரிந்தால் போதுமா, உள்ளே குரல் இருக்க வேண்டாமா? அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததுகூட இல்லை, கை போய்விட்டது. பதினேழாம் எண்ணைத் தட்டினேன்.

சத்தம் முழுசாக இருந்தது. தையல் மெஷின்களின் இரைச்சல் கடை முழுக்கப் பரவியது. அதற்கு மேலே ஒரு பெண்ணின் குரல்: "பாப்பா, ரெக்கார்டு ஆவுதா? மெதுவாப் பேசறேன். அந்தாளு என் கையப் புட்ச்சது எம் புருஷனுக்குக்கூடத் தெரியாது..."

அக்கா லேப்டாப்பை அறைந்து மூடினாள். கடைக்கார அண்ணன் சட்டென்று எழுந்து, வெளியே பார்த்தபடி எதையோ துடைக்க ஆரம்பித்தார். ரிப்பேருக்குக் கொடுத்த போனை வாங்க நின்றிருந்த இரண்டு பேர் எங்களையே பார்த்தார்கள்.

"யாரக் கேட்டு ஓபன் பண்ணே?"

"இல்லக்கா, ஓடுதான்னு..."

"யாரக் கேட்டுடி ஓபன் பண்ணே? அந்தம்மா ஊட்டுக்கு நான் ஏழு தடவ போனேன். ஏழாவது தடவதான் வாயத் தொறந்தாங்க. நடுரோட்டுல போட்டு ஒடச்சிட்டியே! யாரக் கேட்டு அழிச்சே, யாரக் கேட்டு மாத்துனே, எதுக்காவது என்னக் கேட்டியா நீ?"

அந்தச் சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் வந்தது. டிஸ்க் செத்தபோது வராதது. போர்டு குப்பைக்குப் போனபோது வராதது. கடைசியில் அவள் குரல் உடைந்துபோய், "வாக்குக் குடுத்திருந்தேன்டி" என்றாள். எனக்கும் பதிலுக்குக் கத்த வாய்வரை வந்தது. காயலான் கடை, கீறல், தூக்கமில்லாத இரண்டு நாள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக ஏசி அறைக்காரனைப் பார்த்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையே அவள் என்னைப் பார்த்துக் கேட்டிருந்தாள். அடாப்டரைக் கழற்றி வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

பஸ்ஸில் அவள் டிஸ்கை மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள். நான் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்தில் சீட் காலியாகத்தான் இருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கியபோது எங்கள் பால்கனி தூரத்திலேயே தெரிந்தது. அப்பா சரியான அடாப்டரை மாட்டியிருந்தார். பட்டப்பகலிலேயே கண் கூசியது. "அண்ணாத்தே, ஜுரம் உட்ருச்சு போல!" என்று கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நட்சத்திரத்தைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது.

ஜனவரியில் அக்கா பதிவுகளைக் கைடிடம் கொண்டுபோனாள். அதற்கு முன் இரண்டு புது டிஸ்குகளில் பிரதி எடுத்தாள். என்னிடம் உதவி கேட்கவில்லை. எங்கெங்கோ படித்து அவளே செய்தாள். இரண்டுக்கும் பாஸ்வேர்டும் போட்டாள். அதை அவள் டைப் செய்யும்போது நான் அறைக்குள் இருந்தால், கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். நான் எழுந்து வெளியே போவேன்.

அந்த பாஸ்வேர்ட் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபமாகத்தான் இருக்கிறது. கேட்கவில்லை.