பாடகியின் மூச்சு

என் அக்கா புருஷன் இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷினோடு குடித்தனம் நடத்துபவர். பக்கத்தில் இடி விழுந்தாலும் "யாரு கதவத் தட்டுறது?" என்று கேட்பார். அவருக்குத்தான் திடீரென்று சங்கீதக் காது முளைத்தது.

"சாதாரணப் பாட்டெல்லாம் வெறும் சக்கை மாப்ள. இது ஹை-ரெஸ், அச்சு அசலான சத்தம். பாடகி மூச்சு விடுறதுகூடக் கேக்கும்!"

பழைய ஸ்பீக்கர் இரண்டு, போனில் இருக்கும் பாட்டைத் துல்லியமாக்கித் தருமாம் என்று மலிவில் வாங்கிய தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று. லட்ச ரூபாய் செட்டெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டுமாம். அந்த மூச்சுக்காக வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, குக்கர் கூவக் கூடாது, நாங்களும் மூச்சு விடக் கூடாது.

பாட்டு ஆரம்பித்தது. கூடவே அந்தப் பெட்டியிலிருந்து காதைத் துளைக்கும் கீச்சொலி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அது ஏன் கீச்சுன்னு கத்துது?"

"எந்தக் கீச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. மட்டமான பாட்டு கேட்டுக் கேட்டு உங்க காதெல்லாம் கெட்டுப்போச்சு."

அப்போது ஒரு ஸ்பீக்கர் ஆடியது. அடியில் முட்டுக்கொடுத்திருந்த காகிதம் நழுவி விழுந்தது. எடுத்துப் பிரித்தேன். தொழிற்சாலையில் போன மாதம் கொடுத்த காதுப் பரிசோதனைச் சீட்டு: 'இரு காதுகளிலும் கீச்சொலிகள் கேட்பதில்லை.'

அக்காவிடம் நீட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் படிச்சாச்சு. இருந்த எடத்துலயே வெச்சிடு. ஸ்பீக்கராவது ஆடாம நிக்கட்டும்."