தீர்த்தத்தோடு விழுங்கிய மூன்று குளிசைகள்

2024 நவம்பர் 4, திங்கட்கிழமை, காலை எட்டு நாற்பது. நெல்லியடிச் சந்தியில் மெல்லிய தூறல். வடகிழக்கில் வானம் கறுத்துக் கிடந்தது. கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி, குடையை மடக்கிக் காலடியில் வைத்துவிட்டு யன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். அப்போது எனக்கு வயது எழுபத்து நான்கு, எடை தொண்ணூற்றாறு கிலோ.

இந்த இரண்டாவது எண்தான் என் கவலை. வலது முழங்கால் முற்றாகத் தேய்ந்துவிட்டது. சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு, பத்துக் கிலோவாவது குறைந்த பிறகு வாருங்கள், இந்தப் பாரத்தோடு கத்தி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காலையில் கட்டிலை விட்டு எழும்ப நான் மனைவியின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவளுக்கும் எழுபது வயது. அந்தத் தோள் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்ற யோசனையிலேயே எனக்கு நித்திரை போய்விட்டது.

பசியை அடக்கும் ஊசி ஒன்று வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்து, குடும்ப வைத்தியரிடம் கேட்டேன். அதன் விலையையும், என் வயதில் அதைப் போட்டுக்கொண்டு யாருடைய கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதையும் அவர் சொன்னார். அது என் கைக்கு எட்டாதது. கனடாவில் இருக்கும் மகளிடம் சொன்னேன். மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் எடுக்கக்கூடிய ஒன்றை அவள் ஆள் மூலம் அனுப்பிவைத்தாள். ஏதோ ஒரு கிழங்கின் மாவை அடைத்த குளிசை. வயிற்றுக்குள் போனதும் தண்ணீரை உறிஞ்சி ஊதும், வயிறு நிறைந்தது போல இருக்கும், பசி தெரியாது. போத்தலில் இருந்த எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒவ்வொரு குளிசையோடும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. படிக்காமல் விட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

விரதமும் குளிசையும் சேர்ந்தால் ஆறு நாளில் மூன்று கிலோ குறையும் என்று கணக்குப் போட்டேன். முருகனையும் ஏய்க்கப் போகிறீர்களோ என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். இதில் சிக்கல் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி விரத நாளில் பகலில் தண்ணீரும் இல்லை; இரவில் பாலும் பழமும் மட்டும். ஆனால் கோவில் தீர்த்தத்துக்குத் தடையில்லை. அந்த இடைவெளிக்குள்தான் நான் புகுந்தேன். விடியக் கோவிலுக்குப் போய்ச் சிறு போத்தலில் தீர்த்தம் வாங்கி, அதில் ஒரு மிடறோடு ஒரு குளிசையை விழுங்கினேன். முதல் இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. பசி மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் நிபுணரிடம் எடை பார்க்கப் போக வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் திருநீறு, நல்ல உடம்பு. இருவருமாக இருந்தபோது இருக்கையில் இடமே மிஞ்சவில்லை. அவள் மடியில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று. பஸ் புறப்பட்டதும் பெட்டிக்குள்ளிருந்து பட்டரும் வனிலாவும் மணக்கத் தொடங்கின. பிறந்தநாள் கேக். இரண்டு நாள் பட்டினி கிடந்தவனுக்குப் பக்கத்தில் கேக் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? வாய் ஊறியது. குளிசைப் போத்தலைத் திறந்து, ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வாயில் போட்டு, மீதியிருந்த தீர்த்தத்தைக் குடித்தேன். அது இரண்டு மிடறுதான் இருந்தது.

வல்லைவெளியைக் கடக்கும்போது நெஞ்சின் நடுவில் ஏதோ நிற்பது போலிருந்தது. அச்சுவேலி தாண்டும்போது எச்சில் இறங்கவில்லை. வாயில் ஊறியதெல்லாம் வெளியே வந்தது; லேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். விரதம் என்று கையால் காட்டினேன். உயிர் இருந்தால்தானே ஐயா விரதம் என்று கண்டக்டர் சொன்னதும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் பயம் வந்துவிட்டது. போத்தலை வாங்கி மூடியைத் திறந்தேன்.

கேக் பெட்டிக்காரி என் கையைப் பிடித்து அதைப் பறித்துவிட்டாள்.

“ஒருதரும் தண்ணி குடுக்காதேங்கோ,” என்றாள். என் மடியில் கிடந்த குளிசைப் போத்தலை எடுத்துப் பார்த்தாள். “ஐயா, உந்தக் குளிசையையோ விழுங்கினனீங்கள்? எத்தினை?”

மூன்று விரலைக் காட்டினேன். எவ்வளவு தண்ணீரோடு என்று கேட்டாள். தீர்த்தப் போத்தலைக் காட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“தம்பியின்ரை கலியாணத்துக்கு மெலியவேணுமெண்டு நானும் உதை விழுங்கி, உப்பிடித்தான் கிடந்து துடிச்சனான். உது தொண்டைக்குக் கீழை நிண்டு ஊதுது. இப்ப தண்ணி விட்டா இன்னும் ஊதும். எழும்புங்கோ, இறங்குவம்.”

புத்தூரில் பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னாள். இறங்கும்போது கேக் பெட்டியைக் கண்டக்டரின் கையில் கொடுத்தாள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஆள் வந்து எடுக்கும், சரிக்காமல் வைத்திருங்கள் என்று மட்டும் சொன்னாள். எங்கள் பக்கத்தில் கறிவேப்பிலையிலிருந்து கலியாண அழைப்பிதழ் வரை பஸ்ஸில் கொடுத்துவிடுவது வழக்கம். அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கேக் செய்து விற்பதுதான் அவள் பிழைப்பு என்பதும், அந்தக் கேக்கில் பிள்ளையின் பெயர் இன்னும் எழுதப்படவில்லை என்பதும், அவள் அந்த வீட்டுக்கே போய் எழுதி, பூவும் வைத்து முடிக்க வேண்டியிருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மழை கொட்டத் தொடங்கியது. ஓட்டோ பிடித்து என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, யாழ்ப்பாணம் வரை என் வாய்க்குக் கீழே ஒரு பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முன்பின் தெரியாத ஒரு கிழவனின் எச்சிலை. இரண்டு தடவை அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. பதினொரு மணிக்குக் கேக் வெட்ட வேண்டும், பெயர் இல்லாத கேக்கை வைத்து என்ன செய்வது, இனிமேல் உன்னிடம் கேக்குக்குச் சொல்லமாட்டோம் என்று. இவள் எல்லாவற்றுக்கும் “ஓம் அக்கா, ஓம் அக்கா,” என்றுவிட்டு வைத்தாள். எனக்குக் கண் கலங்கியது. அவள் கவனித்திருக்க வேண்டும்.

“நீங்கள் யோசியாதேங்கோ ஐயா. அந்தப் பிள்ளைக்கு வாற வரியமும் பிறந்தநாள் வரும்,” என்றாள்.

அவள் சொல்லாமல் விட்ட மறுபாதியை நானே முடித்துப் பார்த்தேன். எனக்கு வருமோ என்பது தெரியாது.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, களி போல் ஊதியிருந்ததை எடுத்தார்கள். இளம் வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சரியான ஆளுக்கு, சொன்ன அளவு தண்ணீரோடு, அது கெட்ட சாமான் இல்லையாம். இந்த வயதில், இரண்டு மிடறோடு, ஒருவரையும் கேட்காமல் எடுத்தால் இப்படித்தான் ஆகுமாம். பஸ்ஸில் மேலும் தண்ணீர் குடிக்கவிடாதது யார் என்று கேட்டார். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன்.

மகன் வவுனியாவிலிருந்து வந்து சேரும் வரை அவள் அங்கேயே இருந்தாள். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்தது. அவளும் விரதம், ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் வைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கதைத்தோம். என் குரல் கரகரத்ததால் பெரும்பாலும் அவளே கதைத்தாள். நாள் முழுக்கக் கேக் அடிக்கும் வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருடத்தில் பதினொரு கிலோ குறைத்திருக்கிறாள். நம்பமுடியாமல் எப்படி என்று கேட்டேன். கடையில் வாங்கிய ஒன்றாலும் இல்லை என்றாள். சோற்றுக்கு முன் ஒரு கோப்பை அவித்த பயறும் கீரையும். இரவில் பனங்கிழங்கு மாவில் மரக்கறி நிறையப் போட்டுக் காய்ச்சிய ஒடியல் கூழ். கேக்கின் ருசி பார்க்கும் வேலை பக்கத்து வீட்டக்காவுக்கு. பசி வந்தால் உடனே எழும்பி ஓடமாட்டாளாம். கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்ப்பாளாம். உண்மையான பசி என்றால் அது நிற்கும். மணத்துக்கு வந்த பசி போய்விடும்.

பஸ்ஸில் எனக்கு வந்தது எது என்று நான் கேட்கவில்லை. ஆனால் குளிசை ஏன் எடுத்தேன் என்பதை, ஆறு நாள் கணக்கையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“பசிக்காமல் இருக்கவோ ஐயா விரதம் பிடிக்கிறது?” என்று மட்டும் கேட்டாள்.

படித்தவன், எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிறவன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அந்தக் கேள்வி மட்டும் என் கணக்கில் இருக்கவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து வைத்தியரைக் கேட்டு, அவர் விட்ட அளவில் சாப்பிட்டேன். பயறு, கீரை, கூழ், அந்தக் கால் மணித்தியாலம். முதல் மாதம் முழுக்க மனைவியோடு எரிந்து விழுந்தேன். அவள் மணிக்கூட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். வைகாசியில் எண்பத்தைந்தரைக் கிலோ. ஆனியில் நிபுணர் கத்தி வைத்தார். இப்போது காலையில் நானாகவே எழும்புகிறேன்.

அதற்கு முன், அந்த மார்கழியிலேயே மனைவியையும் கூட்டிக்கொண்டு, நன்றி சொல்லவும் ஓட்டோக் காசையும் கேக்கால் வந்த நட்டத்தையும் கொடுக்கவும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி தந்தாள், காசைத் தொடவில்லை. விரத நாளில் கொடுத்ததைத் திருப்பி வாங்கக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மனைவி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒருவர் தன் நாளையும், தன் வேலையையும், தன் வாடிக்கையையும் ஒரு சொல் முணுமுணுக்காமல் இன்னொருவருக்காக விட்டுக்கொடுத்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று முழுவதற்கும் என் கையிலிருந்து போனது, பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்த நூற்றுப் பத்து ரூபா மட்டும்தான்.