தனியே போகும் பெண்ணுக்கு வன்னியில் கட்டில் எங்கே?

சென்ற பங்குனியில் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக முல்லைத்தீவுக்குப் போய் வந்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். துணைக்கு யாரும் வரவில்லை. இப்படிப் புறப்பட விரும்பும் பெண்கள் இடைக்கிடை என்னிடம் விசாரிப்பதால், கையைக் கடிக்காமல் எங்கே தங்கலாம் என்பதை எழுதுகிறேன்.

போன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். என் ஒரே மகள் யோகேஸ்வரி, முல்லைத்தீவுக் கடற்கரையைச் சேர்ந்த அந்தோனி என்பவரைக் கலியாணம் செய்துகொண்டு ஐந்து வருடங்களுக்கு முன் அங்கே போய்விட்டாள். நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர். யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத கதை. இரண்டு பக்கமும் பேச்சில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது, புறப்பட்டேன். ஆனால் தங்க ஓர் இடம் பிடித்த பிறகுதான் அவள் வாசலுக்குப் போவது என்று தீர்மானித்திருந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் திரும்பி வந்து படுக்க ஒரு கட்டில் வேண்டுமே. அது இருந்தால்தான் கதவைத் தட்டக் கை எழும்பும்.

மாங்குளத்தில் இறங்கினால் முல்லைத்தீவு கிட்ட. வழியில் இரவு தங்க வசதி வவுனியாவில்தான் உண்டு என்று பலரும் சொன்னதால் அங்கேயே ரிக்கற் எடுத்தேன். ரயில் பின்னேரம் போய்ச் சேர்ந்தது. ஸ்ரேஷனடியில் 'ஹோட்டல்' என்ற பலகைகளுக்குக் குறைவில்லை. நம் நாட்டில் ஹோட்டல் என்றால் தோசை கிடைக்கும், கட்டில் கிடைக்காது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றில்லை. கடைத்தெருவில் அறை வாடகைக்கு விடும் மாடி வீடு ஒன்றைக் காட்டினார்கள். நாளுக்கு இரண்டு ரூபாய். முதலாளி என்னைப் பார்க்காமல் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"கூட ஆர் வந்திருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"தனியப் பொம்பிளையளுக்கு அறை குடுக்கிறேல்லை, அம்மா. புருசன் வரட்டும், தாறன்."

"அவர் செத்து ஒன்பது வருசம். வரமாட்டார்."

அந்த மனிதர் சிரிக்கவுமில்லை, அறை தரவுமில்லை. அடுத்த இடத்திலும் அதே கேள்விதான். கடைசியில் வாடிவீட்டுக்குப் போனேன். பயணிகளுக்கான அரசாங்க விடுதி, ஆகையால் பணத்தைக் கட்டினால் அறை தருகிறார்கள். அறைக்கும் இராச் சாப்பாட்டுக்குமாக ஏழு ரூபாய். நுளம்புவலை சுத்தமாக இருந்தது. பக்கத்து அறையில் சீட்டாடினார்கள், ஆனால் என் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. முல்லைத்தீவிலும் வாடிவீடு உண்டு. இன்னொரு ஏழு ரூபாய்க்கு என் பென்சன் இடம் தராது.

காலையில் பஸ் எடுத்தேன். புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஒட்டுசுட்டானில் தேத்தண்ணி குடிக்க நேரம் தருகிறார்கள். முதல் நாள் இரவு ஆனை இறங்கி மிதித்த வயலைப் பற்றியே எல்லோரும் கதைத்தார்கள். நான் கொண்டக்டரிடம், "தம்பி, முல்லைத்தீவிலை மடத்தடியிலை இறக்கிவிடுங்கோ," என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் கோயிலுக்குக் கோயில் மடம் இருக்கும். யாரும் போய்ப் பாயை விரிக்கலாம். அவர் என் வெள்ளைச் சேலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓம் அம்மா, வாசலிலையே விடுறன்," என்றார். அவர் காட்டிய மரியாதை கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

இறங்கி உள்ளே போனேன். முற்றத்தில் பூமரங்கள், நல்ல சுத்தம். அங்கி அணிந்த ஒரு கன்னியாஸ்திரி எதிரே வந்தார். அவரும் வழிப்போக்கர் போலும் என்று நினைத்து, "இஞ்சை பொம்பிளையளுக்குப் புறம்பா இடம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இஞ்சை எல்லாரும் பொம்பிளையள்தான், அம்மா. இது கன்னியர் மடம். சேர வந்தனீங்களோ?"

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நான் தேடிய மடம் எதுவென்று விளங்கப்படுத்தினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, விருந்தினருக்கென்று ஒரு சிறிய அறை இருப்பதாகவும், விரும்பியதைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, ஒரு கதிரை. ஒன்றரை ரூபாயைக் கொடுத்துப் பையை வைத்தேன். ஆரைப் பார்க்க வந்தனீங்கள் என்று கேட்டார்.

"யோகேஸ்வரி."

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சாலை இல்லையே."

"புருசன் அந்தோனி. வலைத் தொழில். பிள்ளை யாழ்ப்பாணம்."

"ஓ, எங்கடை திரேசா. பின்னேரத்திலை சின்னப் பிள்ளையளுக்குத் தையல் பழக்க வாறவா."

என் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஞானஸ்நானத்தில் பெயர் மாறும் என்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

வீடு கடற்கரையோரம், மடத்திலிருந்து கால் மைல். அவள் வேலியில் துணி போட்டுக்கொண்டு நின்றாள். படலையடியில் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல், "பிள்ளை," என்றேன். திரும்பியவள் ஈரத்துணியோடு படலைக்கு வந்தாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"மடத்திலை. கட்டில் எடுத்திட்டன்."

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்? மகள் வீடு இருக்கத் தாய் மடத்திலை கிடக்கிறா எண்டு சனம் கதைக்கட்டோ?"

கையிலிருந்த ஈரத்துணியை என்னிடம் தந்துவிட்டு, என் பையை எடுத்துவர அவளே மடத்துக்கு நடந்தாள். அந்தத் துணியை வேலியில் விரிக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வவுனியாவில் கடைத்தெரு அறைகளைத் தேடி நேரத்தை வீணாக்காமல் நேரே வாடிவீட்டுக்குப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், உள்தாழ்ப்பாளைப் பார்த்த பிறகு காசைக் கட்டுங்கள். முல்லைத்தீவில் மடம் என்று கேட்டால் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். சைவம், வேதம் பார்க்கமாட்டார்கள், தாராளமாகக் கேட்கலாம். அந்தக் கட்டில் படுக்க எப்படி என்று மட்டும் என்னிடம் விசாரிக்க வேண்டாம். பத்து நாள் முல்லைத்தீவில் நின்றும் நான் அதில் ஓர் இரவுகூடப் படுக்கவில்லை.